ஒற்றை நாற்காலி

துணைவேந்தரை நியமிப்பது யார் என்ற சண்டையை நாமெல்லாம் பார்த்தோம். அந்த அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து எடுத்து மாநில அரசிடம் கொடுக்கும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று நிறைவேற்றியது. ஆளுநர் கிடப்பில் போட்டார், பிறகு திருப்பி அனுப்பினார். 2023 நவம்பரில் சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றி அனுப்பியது. அவர் அதைக் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்சநீதிமன்றம், மசோதாக்கள் ஒப்புதல் பெற்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றது. மே 21 அன்று சென்னை உயர்நீதிமன்றம், நியமனம் குறித்த பிரிவுகளுக்குத் தடை போட்டது. நவம்பர் 20 அன்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அப்படி ஒப்புதல் கிடைத்ததாக நீதிமன்றம் அறிவிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. இடையில் சென்னைப் பல்கலைக்கழகம், 1857ல் தொடங்கிய பல்கலைக்கழகம், 2023 ஆகஸ்டிலிருந்து இரண்டாண்டுக்கு மேலாகத் துணைவேந்தரே இல்லாமல் ஒரு குழுவை வைத்துக்கொண்டு ஓடியது.

இவ்வளவு நடந்ததே, இதில் எங்காவது, யாராவது, நியமிக்கப்படுகிறவர் யார் என்று கேட்டார்களா? 'வேந்தர்' என்று இருந்த இடத்தில் 'அரசு' என்று மாற்றியதோடு மசோதாவின் வேலை முடிந்தது. கையெழுத்துப் போடும் கை எது என்பதுதான் தகராறு. எந்தப் பெயருக்கு மேல் அந்தக் கை போய் நிற்கும், எந்தப் பெயரைத் தாண்டிப் போகும் என்பதில் இரண்டு தரப்புக்கும் தகராறே கிடையாது.

ஆளுநருக்கு அந்த அதிகாரம் இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர், மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனத்துக்குத் தலைமையைக் கையெழுத்திட்டு அனுப்புவது அசிங்கம். ஆனால் மாநில உரிமை பேசும் நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதிகாரம் உங்கள் கைக்கு வந்தபிறகு சேரிக்கு அதில் என்ன பங்கு? இப்படிக் கேட்டால், "முதல்ல அத வாங்கிடுவோம், அப்புறம் பேசலாம்" என்கிறார்கள். இந்த 'அப்புறம்' நமக்குப் புதிதல்ல. எங்கள் ஆயா காலத்திலிருந்தே கேட்டு வருகிறோம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 69 சதம் இட ஒதுக்கீடு இருக்கிறது. 1993ல் சட்டம் போட்டு, 1994ல் 76வது திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றிப் பாதுகாத்த இட ஒதுக்கீடு. அதில் தாழ்த்தப்பட்டோருக்கு 18 சதம். 2009லிருந்து அதற்குள்ளேயே அருந்ததியருக்கு 3 சதம். பழங்குடியினருக்கு 1 சதம். இதெல்லாம் துணைவேந்தர் அறைக் கதவு வரைக்கும்தான் வரும். உள்ளே வராது. ஏன் என்று கேட்டால் ஒரு எண்ணைக் காட்டுவார்கள்: ஒன்று.

1998ல் சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரே ஒரு பணியிடம் மட்டும் உள்ள பதவியில் இட ஒதுக்கீடு கூடாது, சுழற்சி முறையிலும் கூடாது. இருக்கிற ஒன்றையும் ஒதுக்கினால் அது நூறு சதம் ஆகிவிடுமாம். கணக்கு சரிதான். ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் போய்ப் பாருங்கள். துணைவேந்தர் ஒருவர். பதிவாளர் ஒருவர். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒருவர். அறக்கட்டளை இருக்கை என்றால் அதற்குப் பேராசிரியர் ஒருவர். பல துறைகளில் பேராசிரியர் பணியிடமே ஒன்றுதான். அதிகாரம் உள்ள நாற்காலியெல்லாம் ஒற்றை நாற்காலி. கூட்டிப் பெருக்குகிற, கோப்பு சுமக்கிற வேலைதான் பன்மையில் இருக்கிறது. அங்கே நமக்கு இட ஒதுக்கீடு தாராளமாக, சொல்லப்போனால் நூறு சதமே உண்டு.

ஒற்றையாக இல்லாததையும் ஒற்றையாக்குவது எப்படி என்பதற்குக் காசி இந்துப் பல்கலைக்கழகம் ஒரு பாடம். அங்கே வந்த ஆசிரியர் நியமன விளம்பரத்தை எதிர்த்த வழக்கில் 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர்நீதிமன்றம், இட ஒதுக்கீட்டைக் கணக்கிடப் பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரு அலகாக எடுக்கக் கூடாது, துறை ஒவ்வொன்றையும் தனித்தனி அலகாக எடுக்க வேண்டும் என்றது. 2018 மார்ச் 5 அன்று பல்கலைக்கழக மானியக் குழு அதையே சுற்றறிக்கையாக நாடு முழுக்க அனுப்பியது. கேட்பதற்கு நிர்வாக விவகாரம் மாதிரி இருக்கும். கொஞ்சம் கணக்குப் போட்டால் சங்கதி தெரியும்.

மத்திய அரசின் சுழற்சிப் பட்டியலில் ஏழாவது இடம் தாழ்த்தப்பட்டவருக்கு, பதினான்காவது இடம் பழங்குடியினருக்கு. ஒரு துறையில் இணைப் பேராசிரியர் பணியிடம் இரண்டு என்று வையுங்கள். ஒருவர் பத்தாண்டு அந்த நாற்காலியில் உட்காருகிறார், அதாவது அய்ந்தாண்டுக்கு ஒரு இடம் காலியாகிறது. ஏழாவது ஆள் உள்ளே வர இருபத்தைந்து ஆண்டு ஆகும். பதினான்காவது ஆள் வர அறுபது ஆண்டு. இன்றைக்கு முனைவர் பட்டம் வாங்கிய இருளர் வீட்டுப் பிள்ளை, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேர்காணலுக்கு வரவேண்டும். பல்கலைக்கழகம் முழுவதும் ஒரே அலகு என்றால் இதே இரண்டு இடங்கள் இருநூறு இடங்களோடு சேர்ந்து எண்ணப்படும், ஏழாவதும் பதினான்காவதும் முதல் ஆண்டிலேயே வந்துவிடும். இட ஒதுக்கீட்டு எண்ணிக்கையில் ஒரு புள்ளி குறையவில்லை, சட்டத்தில் ஒரு வரி அழியவில்லை. எண்ணுகிற பாத்திரத்தைச் சின்னதாக்கினார்கள், அவ்வளவுதான்.

2019 சனவரி 22 அன்று உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மார்ச் 5 அன்று ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். மார்ச் 7 அன்று அவசரச் சட்டம் வந்துவிட்டது. தேர்தல் நெருங்கியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சூலையில் அது முழுச் சட்டமானது. இதில் நாம் பார்க்க வேண்டிய விசயம், 'நீதிமன்றம் சொல்லிவிட்டது, என்ன செய்ய' என்று கையை விரித்தவர்களுக்குத் தெரு சூடானதும் இரண்டே நாளில் வழி கிடைத்தது. ஆனால் அந்தச் சட்டம் மத்திய நிறுவனங்களுக்கு மட்டும். அதிலும் உயராய்வு நிறுவனங்கள் சிலவற்றை அட்டவணை போட்டு வெளியே வைத்துக்கொண்டார்கள். உயரம் என்று வந்தால் நாம் கீழே நின்றாக வேண்டும் என்பதில் எவ்வளவு ஞாபகம் பாருங்கள்.

நமது சுற்று வந்துவிட்டது, விளம்பரத்தில் நமது பிரிவு அச்சாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் நேர்காணல் அறை. மானியக் குழுவின் 2010 விதிகளில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் தேர்வுக்குக் கல்வித் தகுதிக்கும் ஆய்வுக்கும் 50, பாட அறிவுக்கும் கற்பிக்கும் திறனுக்கும் 30, நேர்காணலுக்கு 20 என்று ஒரு கணக்கு இருந்தது. 2018 விதிகள் அதை அப்படியே புரட்டிவிட்டன. நீங்கள் படித்தது, எழுதியது எல்லாம் நேர்காணலுக்குக் கூப்பிடுவதற்கு மட்டும். தேர்வு செய்வது நேர்காணலை வைத்து மட்டுமே. இருபதாக இருந்தது நூறாகிவிட்டது. அரசுக் கலைக்கல்லூரிக்கு 4000 உதவிப் பேராசிரியர்களை எடுக்க ஆசிரியர் தேர்வு வாரியம் 2024ல் எழுத்துத் தேர்வை அறிவித்தது. கல்லூரிக்கு எழுத்துத் தேர்வு வேண்டுமாம், அதற்கு மேலே இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு முகத்தைப் பார்த்தால் போதுமாம்.

அந்த அறையில் உட்காருவது யார்? தலைவர் துணைவேந்தர். பாட வல்லுநர் மூவர், ஒப்புக்கொள்ளப்பட்ட பட்டியலிலிருந்து அவரே பொறுக்குவது. புலத் தலைவர், துறைத் தலைவர், வேந்தரின் ஆள் ஒருவர். கடைசியாக ஒருவர் உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என்று இவ்வளவு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரதிநிதி! அவரையும் நியமிப்பது துணைவேந்தர். இதற்கு மேலும் ஒரு நுணுக்கம் உண்டு. கூட்டம் செல்ல நான்கு பேர் போதும், அதில் வெளி வல்லுநர் இருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பிரதிநிதி இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அவர் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாலும் கூட்டம் செல்லும்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் எம்.ஏ., நெட் தேர்ச்சி. எந்தப் பல்கலைக்கழகம் என்பது முக்கியமில்லை. ஏழு நிமிடம். முதல் கேள்வியே, "ஏம்மா, சொந்த ஊரு காஞ்சிபுரமா?"

"பக்கத்துல சார், திருப்பருத்திக்குன்றம்."

"அடடே, சமணர் கோயில் ஊரு. கோயில் தெருவா?"

"இல்ல சார்."

"பின்ன எந்தப் பக்கம்?"

"காலனி சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார், தேடியது கிடைத்துவிட்டது போல. பக்கத்தில் இருந்தவர், "தலித் இலக்கியம் தவிர வேற என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். என் விண்ணப்பத்தில் தலித் இலக்கியம் என்ற சொல்லே கிடையாது, நான் வேலை செய்தது கல்வெட்டுத் தமிழில். அதைச் சொன்னேன். "அப்படியா, நல்லது" என்றார்கள். பிறகு அந்த இடத்துக்கு எதிரே 'தகுதியானவர் எவருமில்லை' என்று எழுதப்பட்டது. என்ன மதிப்பெண், எதில் குறைந்தேன் என்று ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது.

ஊருக்கு வந்து சித்தப்பாவிடம் சொன்னேன். முப்பது வருடமாகக் கூலிக்குப் பட்டுத்தறி நெய்கிறவர். சேலையை முடித்துக் கொண்டுபோய்ப் போட்டால் முதலாளி விரித்துப் பார்ப்பான், கரை சேருகிற இடத்தில் பழுது இருந்தால் கூலியில் பிடிப்பான். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "பழுது எங்கன்னு காட்டவே இல்லியா? ஒரு இழை அறுந்திருந்தாக்கூட வெரல வெச்சுக் காட்டிட்டுத்தானே இவனுங்களே கூலியப் புடிக்கிறானுங்க?" காஞ்சிபுரத்து முதலாளிக்கு இருக்கிற அந்த அளவு கட்டுப்பாடுகூட ஒரு பல்கலைக்கழகத் தேர்வுக் குழுவுக்கு இல்லை.

இது ஒருத்தியின் மனக்குறை, ஊகம் என்பவர்களுக்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் தானே அமைத்த அப்துல் நஃபே குழுவைச் சொல்கிறேன். 2016ல் அந்தக் குழு ஆய்வு மாணவர் சேர்க்கையின் பல ஆண்டு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தது. எழுத்துத் தேர்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் இடையே சமூகப் பிரிவு வாரியாக ஒரே போக்கில் வித்தியாசம் விழுவதைக் கண்டது. அது பாகுபாட்டைச் சுட்டுகிறது என்றது. வாய்மொழித் தேர்வை 30லிருந்து 15 ஆக்கினால் பாகுபாடு குறையும் என்றது. 30 மதிப்பெண்ணே இவ்வளவு செய்யுமென்றால் நூறு என்ன செய்யும்? மாணவருக்கு நடந்தது ஆசிரியருக்கு நடக்காது என்று நம்புகிறவர்கள், கேள்வி கேட்கிற ஆள் இரண்டு அறையிலும் ஒருவரே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களால் நடத்தப்படும் இடத்தில் என்ன வினாத்தாள் வரும்? 2022 சூலையில், பெரியார் பெயரில் இருக்கிற சேலம் பல்கலைக்கழகத்தில், முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு நான்கு சாதிப் பெயரை வரிசையாகக் கொடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த வினாத்தாள் என்று விளக்கம் சொன்னார்கள். எங்கிருந்து வந்தால் என்ன, எத்தனை கையைத் தாண்டி வந்தது? ஒரு கைக்கும் சுடவில்லை.

'தகுதி' என்று ஒரு சொல் வரும். வரட்டும். 2018 பிப்ரவரி 3 அன்று கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரை, உதவிப் பேராசிரியர் பணிக்கு 30 லட்சம் லஞ்சம் வாங்கினார் என்ற வழக்கில் லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. ஒரு லட்சம் ரொக்கம், மிச்சம் காசோலை என்றது புகார். அதே ஆண்டு அக்டோபரில், வேந்தராக இருந்த ஆளுநர் பன்வாரிலால் புரோகித்தே துணைவேந்தர் பதவிகள் கோடிக்கணக்கில் கைமாறின என்று மேடையில் பேசினார். பிறகு, கல்வியாளர்கள் சொன்னதைத்தான் சொன்னேன் என்றார். 2022ல் பஞ்சாப் ஆளுநராக இருந்தபோது, தமிழ்நாட்டில் ஒரு துணைவேந்தர் பதவி நாற்பது, அய்ம்பது கோடிக்கு விலைபோனது என்று மறுபடியும் சொன்னார். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்பது ஒரு பக்கம். இந்தத் தொகைகளைப் பேசிய வாய், தகுதி பற்றி நமக்குப் பாடம் எடுக்கக் கூடாது. மாதம் இருபத்தைந்தாயிரத்துக்குக் கௌரவ விரிவுரையாளராக வேலை செய்யும் நம் பிள்ளைகள் முப்பது லட்சத்துக்கு எங்கே போவார்கள்?

தகுதி என்பது இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். துணைவேந்தராகப் பத்தாண்டு பேராசிரியராக இருந்திருக்க வேண்டும் என்பது மானியக் குழு விதி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அந்தத் தகுதி இல்லை என்று 2014ல் உயர்நீதிமன்றம் ஒரு நியமனத்தை ரத்து செய்தது. அந்த விதி மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது என்று 2015ல் உச்சநீதிமன்றம் அதே நியமனத்தைச் செல்லுபடியாக்கியது. 2022ல் வேறு மாநில வழக்குகளில் அதே விதி கட்டுப்படுத்தும் என்றாகிவிட்டது. பேராசிரியர் பணியிடத்தை ஒற்றையாக்கி நம்மை அங்கே வரவிடாமல் செய்துவிட்டு, துணைவேந்தராக வரப் பத்தாண்டு பேராசிரியரா என்று கேட்பது எப்படி இருக்கிறது தெரியுமா? கிணற்றுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டு, ஏன் குளிக்காமல் வந்தாய் என்பது மாதிரி.

காஞ்சிக்கு இது புதிதில்லை. பல்லவர் காலத்தில் இங்கே கடிகை இருந்தது. கடம்ப மயூரசர்மன் வேதம் படிக்க இந்தக் கடிகைக்கு வந்ததைத் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. பல்லவ வம்சத்தில் வாரிசு இல்லாமல் போனபோது இரண்டாம் நந்திவர்மனைக் கூட்டிவரப் போனவர்களில் கடிகையாரும் இருந்ததை வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் பார்க்கலாம். படித்தவன் அரசனை நியமித்தான், அரசன் படிப்பவனுக்கு நிலம் கொடுத்தான். இரண்டு பேருக்கும் நடுவே நுழைய இடமிருந்ததா என்று கல்வெட்டைக் கேட்டுப் பயனில்லை, நம் பெயரை அது எழுதவே இல்லை. இதே காஞ்சியில் பிறந்த தர்மபாலர் என்ற பவுத்தர் நாளந்தாவுக்குத் தலைவரானார் என்று யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். நம் நகர வரலாறு பேசுகிறவர்கள் பட்டையும் கோபுரத்தையும் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்.

அறக்கட்டளை இருக்கைகளையும் இங்கிருந்தே பார்க்கலாம். எங்கள் ஊர்க் கோயிலில் உள்ள சங்கீத மண்டபத்தை 1387 வாக்கில் கட்டியவர் விசயநகர அமைச்சர் இருகப்பர். தன் குரு புட்பசேனர் சொல்லிக் கட்டினார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கொடுப்பவன் தன் குருவுக்குத்தான் கொடுப்பான். ஆனால் அரசு கொடுக்கும்போதும் அதே கதையா? 2017ல் ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தமிழக அரசு 10 கோடி கொடுத்தது. மொத்தம் 60 லட்சம் டாலர் திரட்டி வைத்த இருக்கை. அதில் யார் உட்காருவது என்பது ஹார்வர்டின் பாடு, பத்துக் கோடி கொடுத்த மக்களுக்கு அதில் பேச்சில்லை. தமிழ் வாழ வேண்டும் என்று நமக்கும்தான் ஆசை. 2021 செப்டம்பரில் பிரதமர் பாரதி பெயரில் தமிழ் இருக்கை அறிவித்தாரே, எந்தப் பல்கலைக்கழகத்தில்? துறையைத் தனி அலகாக்கிய வழக்கு கிளம்பிய அதே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில். தமிழுக்கு அங்கே நாற்காலி உண்டு. தமிழ் படித்த பறையனுக்கோ சக்கிலியனுக்கோ அந்த நாற்காலியில் சுழற்சி வருமா என்றால், அது ஒற்றைப் பணியிடம், வராது.

சரி, ஒற்றைப் பதவியில் இட ஒதுக்கீடு செய்யவே முடியாதா? நமது கிராமத்தைப் பாருங்கள். ஊராட்சிக்குத் தலைவர் எத்தனை பேர்? ஒருவர். அந்த ஒற்றை நாற்காலியில் 73வது திருத்தம் இட ஒதுக்கீடு கொண்டுவந்தது. மாநிலத்தின் எல்லா ஊராட்சித் தலைவர் பதவிகளையும் ஒன்றாக எண்ணி, மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கி, சுழற்சியில் விடு என்றது. 1996ல் தமிழ்நாட்டில் அது நடந்தது. ஊரான் சும்மா இருந்தானா? 1997 சூன் 30 அன்று மேலவளவில் தலைவர் முருகேசனையும் கூட இருந்த அறுவரையும் வெட்டிக் கொன்றான். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலை ஒழுங்காக நடத்த விடவில்லை. அத்தனைக்குப் பிறகும் அந்த நாற்காலி சுழற்சியில்தான் இருக்கிறது. 2022ல் சென்னை மேயர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது, அதுவும் ஒற்றை நாற்காலிதான். மேலவளவில் ரத்தம் கொடுத்து நிலைநாட்டிய ஒரு முறையை, குளிரூட்டிய ஆட்சிக்குழு அறையில் நடைமுறைச் சிக்கல் என்கிறார்கள்.

அது அரசியல் பதவி, இது பணி, அரசியல் சாசனத்தில் பிரிவு வேறு என்று வழக்கறிஞர் நண்பர்கள் சொல்வார்கள். சரி, வேறுதான். 1998 தீர்ப்பு குறுக்கே நிற்கிறது என்பதும் உண்மை. ஆனால் 69 சதத்தின் குறுக்கே நின்ற 50 சத வரம்பும் அரசியல் சாசன அமர்வு சொன்னதுதானே! சட்டம் போட்டு, சாசனத்தையே திருத்தி, அட்டவணையில் ஏற்றவில்லையா? அன்றைக்கு முடிந்தது. ஏனென்றால் அன்றைக்குக் கேட்டவர்களுக்குச் சட்டமன்றத்தில் எண்ணிக்கை இருந்தது. பிற்படுத்தப்பட்ட தோழர்களிடம் இதை மனம் விட்டே சொல்கிறேன்: உங்கள் முப்பதைக் காக்க நாங்கள் தெருவில் நின்றோம். துணைவேந்தர் நாற்காலியில் பார்ப்பனருக்குப் பதில் நீங்கள் உட்கார்ந்ததும் சமூக நீதி முடிந்துவிட்டதாகப் பேசுகிறீர்கள். சர் ஏ. லட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1942லிருந்து 1969 வரை 27 ஆண்டு துணைவேந்தராக இருந்தார். பெருமையோடு சொல்கிறோம், பெரிய படிப்பாளி. அந்த 27 ஆண்டில் நமது சுற்று எத்தனை முறை வந்திருக்க வேண்டும் என்று எண்ணியவர் உண்டா?

தமிழ்நாட்டில் மாநிலப் பல்கலைக்கழகங்கள் இருபது இருப்பதாகக் குறைத்தே எண்ணுங்கள். இருபது துணைவேந்தர்களையும் ஒரே தொகுப்பாக எடுத்தால் 18 சதத்தில் மூன்று பேருக்குக் குறையாது. பதிவாளர்களை அப்படி எடு, தேர்வு அலுவலர்களை அப்படி எடு, அரசுப் பணத்தில் நடக்கும் இருக்கைகளை ஒன்றாக எண்ணு. தேடுதல் குழுவிலும் தேர்வுக் குழுவிலும் நமது ஆள் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது என்று எழுது. நேர்காணல் மதிப்பெண்ணை ஒவ்வொரு உறுப்பினரும் போட்டபடி அன்று மாலையே கதவில் ஒட்டு. 'தகுதியானவர் இல்லை' என்று எழுதினால் ஏன் இல்லை என்று கையெழுத்தோடு எழுது.

துணைவேந்தர் நியமனச் சட்டம் மறுபடியும் சட்டமன்றத்துக்கு வரத்தான் போகிறது. அன்றைக்கு 'வேந்தர்' என்ற சொல்லை அடித்து 'அரசு' என்று எழுதும்போது, அதற்குக் கீழே சுழற்சி என்று ஒரு உட்பிரிவை எழுத எந்தக் கட்சி உறுப்பினர் திருத்தம் கொடுக்கிறார் என்று பார்ப்போம். தனித்தொகுதியில் நின்று போன நமது உறுப்பினர்கள் 44 பேர் அங்கே இருப்பார்கள். அவரவர் தொகுதியில், அவரவர் வீட்டு வாசலில் போய் இந்தக் கேள்வியை இப்போதே கேட்டு வையுங்கள்.